புரோகிராமிங் பூஜ்ஜியத்திலிருந்து: முதல் வரி முதல் தானே இயங்கும் செலவுக் கணக்கு வரை

புரோகிராமிங் கற்கத் தொடங்குபவர்களில் பலர் முதல் பிழைச் செய்தியிலேயே நின்றுவிடுகிறார்கள். திரையில் சிவப்பு எழுத்தில் நான்கைந்து வரி வந்ததும், நமக்கு இது வராது என்று மூடிவைத்துவிடுகிறார்கள். அந்தச் சிவப்பு வரிகளைப் படிக்கப் பழகுவதுதான் இந்த வேலையில் பாதி. மீதிப் பாதி, நிரலின் ஒவ்வொரு வரி ஓடி முடிந்த பிறகும் எந்தப் பெயரில் என்ன மதிப்பு இருக்கிறது என்று விரல்விட்டுச் சொல்லத் தெரிவது. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த இரண்டையும் சுற்றியே போகும். அதற்காக ஒரே ஒரு நிரலை எடுத்துக்கொண்டு கடைசிவரை வளர்ப்போம்: செலவுகளைக் கேட்டு வாங்கி, கூட்டி, சராசரி பார்த்து, கோப்பில் சேமித்துவைக்கும் ஒரு கணக்கு.

எந்த மொழியில் தொடங்குவது

பைத்தானில் தொடங்குங்கள். இதை முடிவு செய்ய ஒரு வாரம் செலவழிக்க வேண்டாம். இணையப் பக்கங்களின் முகப்பைத்தான் செய்யப்போகிறேன் என்று உறுதியாக இருப்பவர் மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் தொடங்கலாம். சி, ஜாவா இரண்டும் நல்ல மொழிகள்தாம். ஆனால் ஒரே ஒரு வரியைத் திரையில் காட்டவே அவற்றில் வழக்கமாக ஐந்தாறு வரி தேவைப்படும். அவற்றில் பாதிக்கு அர்த்தம் பின்னால்தான் புரியும். பைத்தானில் ஒரே வரி போதும்.

பைத்தானின் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. உருவாக்கியவர் கைடோ வான் ராஸம். உங்களுக்கு இங்கே முக்கியமான செய்தி வேறு. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய பாடங்களில் பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் அது பைத்தான் 2. அந்தப் பாடத்தை மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

ஒரு மொழியில் நன்றாகக் காலூன்றியவருக்கு இரண்டாவது மொழி சில வாரங்களில் பிடிபடும். மூன்று மொழிகளில் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்தவருக்கு எதுவும் பிடிபடாது.

கணினியைத் தயார் செய்தல்

4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி தாராளமாகப் போதும். எழுதவும் இயக்கவும் தோனி என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். தேடும்போது எழுத்துக்கூட்டல் டி, எச், ஓ, என், என், ஒய். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில், புதிதாகக் கற்பவர்களுக்கென்றே உருவானது இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவும்போதே பைத்தானும் கூடவே வந்துவிடுவதால், தொடக்கத்தில் ஆட்களை விரட்டும் பெரிய தொல்லை ஒன்று இல்லாமல் போகிறது.

என்ன தொல்லை என்றால், விண்டோஸில் பைத்தானைத் தனியாக நிறுவுபவர்கள் நிறுவியின் முதல் திரையில் கீழே இருக்கும் 'பாத்' குறித்த சிறு பெட்டியை டிக் செய்ய மறந்துவிடுவார்கள். பிறகு கட்டளைத் திரையில் பைத்தான் என்று தட்டினால், அப்படி ஒன்றும் இல்லை என்று பதில் வரும். நிறுவல் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை அழித்து நிறுவுவார்கள். நிறுவல் சரியாகத்தான் இருக்கும். எங்கே தேட வேண்டும் என்பதுதான் கணினிக்குத் தெரியாது. நிறுவியை மறுபடி திறந்து 'மாடிஃபை' என்பதைத் தேர்ந்தெடுத்து, அடுத்து வரும் திரையில் 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' குறித்த பெட்டியை டிக் செய்தால் தீர்ந்தது.

தோனியைத் திறந்ததும் இரண்டு பகுதிகள் தெரியும். மேலே இருப்பது எடிட்டர். நிரலை எழுதிச் சேமிக்கும் இடம். கீழே இருப்பது ஷெல். ஒரு வரி தட்டி எண்டர் அழுத்தினால் உடனே பதில் வரும். சின்னச் சோதனைகளுக்கு ஷெல், வைத்துக்கொள்ள வேண்டியதற்கு எடிட்டர். 'வியூ' மெனுவில் 'வேரியபிள்ஸ்' என்பதையும் இப்போதே தேர்ந்தெடுத்துவிடுங்கள். எந்தப் பெயரில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு பட்டியலாகத் தெரியும். முதல் மாதம் அதை மூடவே வேண்டாம்.

நிரல்களுக்கென்று தனி ஃபோல்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி, பி, ஒய் இருக்க வேண்டும். ரேண்டம் போன்ற பைத்தானுக்கே சொந்தமான பெயர்களைக் கோப்புக்கு வைக்காதீர்கள். பின்னால் அந்தப் பெயருள்ள வசதியை நிரலுக்குள் அழைக்கும்போது, பைத்தான் முதலில் உங்கள் ஃபோல்டரில் தேடி, உங்கள் கோப்பையே எடுத்துக்கொண்டுவிடும். அதன்பின் வரும் பிழைச் செய்தியிலிருந்து காரணத்தை ஊகிப்பது புதியவருக்கு மிகவும் கடினம்.

கைபேசி மட்டும் இருப்பவர்கள் ஆண்ட்ராய்டில் பைட்ராய்டு 3 என்ற செயலியில் இவை எல்லாவற்றையும் செய்து பார்க்கலாம். சிறிய விசைப்பலகையில் அடைப்புக்குறிகள் தேடுவது சலிப்பு தரும். தனி விசைப்பலகை இணைக்க முடிந்தால் இணைத்துவிடுங்கள்.

கீழே வரும் வரிகளைப் படிக்கும் முறை

பைத்தானின் ஆணைச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். பிரிண்ட், இன்புட், இஃப், எல்ஸ், வொயில், பிரேக் எல்லாவற்றையும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எல்லாம் சிறிய எழுத்து. இன்ட் என்பது ஐ, என், டி. டெஃப் என்பது டி, ஈ, எஃப். லென் என்பது எல், ஈ, என். முதல் எழுத்து பெரிய எழுத்தாக வரும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

நாம் வைக்கும் பெயர்களும் மேற்கோளுக்குள் வரும் சொற்களும் உண்மையிலேயே தமிழில் இருக்கலாம். பைத்தான் 3 'மொத்தம்', 'செலவுகள்' போன்ற பெயர்களை அப்படியே ஏற்கும். கற்கும் காலத்தில் இது நல்ல உதவி: தமிழில் இருப்பது நீங்கள் வைத்த பெயர், ஆங்கிலத்தில் இருப்பது பைத்தானுடைய சொல் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். பலரோடு சேர்ந்து எழுதும் நாள் வரும்போது ஆங்கிலப் பெயர்களுக்கு மாறிக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. சில தமிழ் விசைப்பலகைகள் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு எழுத்துகளை நடுவில் செருகிவிடும். சரியாக இருக்கும் வரியில் பைத்தான் விடாமல் பிழை சொன்னால், அந்தப் பெயரை முழுதும் அழித்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

முதல் வரி

எடிட்டரில் இதைத் தட்டுங்கள். நகலெடுத்து ஒட்ட வேண்டாம், தட்டுங்கள்.

    பிரிண்ட்("வணக்கம்")

எஃப்5 விசையை அழுத்தினால் கோப்பை எங்கே சேமிப்பது என்று கேட்கும். சேமித்ததும் கீழே ஷெல்லில் வணக்கம் என்று வரும்.

வந்துவிட்டதா? இப்போது வேண்டுமென்றே உடையுங்கள். கடைசி அடைப்புக்குறியை அழித்துவிட்டு இயக்குங்கள். 'சின்டாக்ஸ்எரர்' வரும், எழுதிய முறையே புரியவில்லை, ஒரு வரியைக்கூட நான் இயக்கவில்லை என்பது அதன் பொருள். குறியைத் திரும்பப் போட்டுவிட்டு, பிரிண்ட் என்பதில் ஒரு எழுத்தை விட்டு இயக்குங்கள். இப்போது வருவது 'நேம்எரர்': இப்படி ஒரு பெயர் எனக்குத் தெரியாது. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றினாலும் இதேதான் வரும். பைத்தானுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

மேற்கோள் குறியிலும் ஒரு பொறி இருக்கிறது. வேர்டு போன்ற மென்பொருளிலிருந்தோ, அரட்டைச் செயலியிலிருந்தோ நகலெடுத்தால் மேற்கோள்கள் வளைந்த வடிவில் வரும். பைத்தானுக்கு நேரான மேற்கோள் மட்டுமே மேற்கோள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் அரை மணி நேரம் போய்விடும்.

பிழைச் செய்தியைப் படிப்பது

எப்போதும் கடைசி வரியிலிருந்து தொடங்கி மேலே போங்கள். கடைசி வரியில் பிழையின் வகையும் காரணமும் இருக்கும். அதற்கு மேலே 'லைன்' என்ற சொல்லும் எண்ணும் இருக்கும். அது வரி எண். இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்த வரிக்குப் போங்கள்.

அந்த வரி சரியாகவே இருக்கிறது என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். அடைப்புக்குறியை மூடாமல் விட்டால், பழைய பதிப்புகள் தவறை அடுத்த வரியில் காட்டும். மூடாத குறிக்கு முடிவு தேடி அதுவரை வந்தபிறகுதான் அவற்றுக்குச் சந்தேகமே வரும். பைத்தான் 3.10 முதல் இன்ன குறி மூடப்படவில்லை என்றே நேராகச் சொல்கிறது. எழுத்துப்பிழையான பெயருக்கு, இதையா சொல்லவந்தீர்கள் என்று சரியான பெயரையும் எடுத்துக்காட்டும். பழைய பதிப்பு வைத்திருப்பவர் புதுப்பிக்க இது ஒன்றே போதுமான காரணம்.

மதிப்புக்குப் பெயர் வைப்பது

இப்போது செலவுக் கணக்கைத் தொடங்கலாம்.

    காலை = இன்புட்("காலைச் செலவு: ")
    மாலை = இன்புட்("மாலைச் செலவு: ")
    பிரிண்ட்(காலை + மாலை)

காலை, மாலை இரண்டும் மாறிகள். வேரியபிள் என்று பலரும் சொல்வது இதைத்தான். சமக்குறிக்கு இங்கே சமம் என்று பொருள் இல்லை. வலப்பக்கம் இருப்பதைக் கண்டுபிடி, அதற்கு இடப்பக்கப் பெயரை வை என்பதே பொருள். இன்புட் ஓடும்போது நிரல் நின்று காத்திருக்கும்; ஷெல் பகுதியில் கிளிக் செய்து தட்டி எண்டர் அழுத்த வேண்டும். திரை உறைந்துவிட்டது என்று பலர் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான்.

120, 45 என்று கொடுங்கள். 165 வராது, 12045 வரும். ஒரு பிழைச் செய்தியும் இல்லை.

இதை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நிரல் உலகில் மிக ஆபத்தான வகைத் தவறு இது. இன்புட் எதை வாங்கினாலும் எழுத்துகளின் வரிசையாகவே வாங்கும். இதைச் சரம் என்பார்கள். நீங்கள் தட்டியது இலக்கங்களாக இருந்தாலும் அதற்கு அவை வெறும் எழுத்துகள். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் பைத்தான் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டும். சொன்னதைச் சரியாகச் செய்தது, சொன்னதுதான் தவறு. கத்திக்கொண்டு நிற்கும் பிழை உங்களுக்கு உதவி செய்கிறது. சத்தமில்லாமல் தவறான விடை தருவதைக் கண்டுபிடிக்க, விடை என்ன வர வேண்டும் என்று இயக்கும் முன்பே தாளில் எழுதிவைத்திருக்க வேண்டும்.

சரத்தை எண்ணாக்க இன்ட் இருக்கிறது:

    காலை = இன்ட்(இன்புட்("காலைச் செலவு: "))

உள்ளிருந்து வெளியே படியுங்கள்: முதலில் இன்புட் வாங்குகிறது, வாங்கியதை இன்ட் எண்ணாக்குகிறது, அந்த எண்ணுக்குக் காலை என்று பெயர். வரியின் முடிவில் இரண்டு அடைப்புக்குறிகள் மூட வேண்டும். ஒன்று விடுபடுவது வழக்கம். இரண்டாவது வரியையும் இதேபோல மாற்றுங்கள். காலையை மட்டும் மாற்றிவிட்டு மாலையை விட்டால் 'டைப்எரர்' வரும்: ஒன்று எண், ஒன்று சரம், எப்படிக் கூட்டுவது?

தமிழ் வாசகருக்கு ஒரு தனிச் செய்தி. இன்ட் தமிழ் இலக்கங்களையும் புரிந்துகொள்ளும். ௧௨ என்று உள்ளீடு கொடுத்தால் 12 கிடைக்கும். ஆனால் நிரலுக்குள்ளேயே எண்ணாக ௧௨ என்று எழுத முடியாது. லென்("தமிழ்") என்று ஷெல்லில் கேட்டுப் பாருங்கள், 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து தனித்தனிக் குறிகள். தமிழ்ச் சொற்களின் எழுத்துகளை எண்ணும் நிரல் எழுதப் போகிறவர்கள் இதை மறந்தால் எல்லாக் கணக்கும் கூடுதலாகவே வரும்.

நிபந்தனை

    வரம்பு = 500
    இஃப் தொகை > வரம்பு:
        பிரிண்ட்("வரம்பைத் தாண்டிவிட்டது")
    எல்ஸ்:
        பிரிண்ட்("மீதம்", வரம்பு - தொகை)

இதற்கு மேலே தொகை என்ற பெயருக்கு இன்புட் மூலம் ஓர் எண்ணை வாங்கும் வரியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். இஃப் வரியின் முடிவில் முக்காற்புள்ளி வேண்டும். அதற்குக் கீழ் வரும் வரி நான்கு இடைவெளி உள்ளே தள்ளி இருக்க வேண்டும். பைத்தானில் இந்த உள்தள்ளல் அழகுக்காக இல்லை. எந்த வரி எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்பதையே அது தீர்மானிக்கிறது. டேப், ஸ்பேஸ் இரண்டையும் கலந்தால் பிழை வரும். தோனியில் டேப் விசை அழுத்தினால் அதுவே இடைவெளிகளாகப் போடும்.

இரண்டு சமமா என்று கேட்கச் சமக்குறியை இரட்டையாகப் போட வேண்டும்: ==. ஒற்றைக்குறி பெயர் வைக்க, இரட்டைக்குறி ஒப்பிட. இஃப் வரியில் ஒற்றைக்குறி போட்டால் பைத்தான் உடனே தடுத்துவிடும் என்பது ஆறுதல்.

சோதிக்கும்போது 100, 900 என்று கொடுத்துத் திருப்தி அடையாதீர்கள். 499, 500, 501 மூன்றையும் கொடுங்கள். தவறுகள் எல்லையில்தான் குடியிருக்கும். 500-க்கு மீதம் 0 என்று வருவது உங்களுக்குச் சரியா, இல்லை அதையும் வரம்பு தாண்டியதாகவே வைக்க வேண்டுமா? இந்த முடிவு உங்களுடையது. பெரிதுக்குப் பதில் பெரிது-அல்லது-சமம் குறியான >= போட்டால் மாறிவிடும்.

மடக்கு

எத்தனை செலவு என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே 0 வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்வோம். இப்படி அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் மடக்கு; லூப் என்பார்கள்.

    மொத்தம் = 0
    வொயில் ட்ரூ:
        தொகை = இன்ட்(இன்புட்("செலவு (முடிக்க 0): "))
        இஃப் தொகை == 0:
            பிரேக்
        மொத்தம் = மொத்தம் + தொகை
    பிரிண்ட்("மொத்தம்", மொத்தம்)

வொயில் ட்ரூ என்றால், பிரேக் வரும்வரை கீழே தள்ளியிருக்கும் வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டு என்று பொருள். ட்ரூ என்பதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து.

'மொத்தம் = மொத்தம் + தொகை' என்ற வரி கணிதம் படித்தவர்களை உறுத்தும். ஒன்று தன்னைவிடப் பெரியதற்கு எப்படிச் சமமாகும்? மேலே சொன்னதை நினைவுபடுத்துங்கள்: முதலில் வலப்பக்கம். பழைய மொத்தத்தோடு தொகையைக் கூட்டு. வந்த எண்ணுக்கு மறுபடி மொத்தம் என்று பெயர் வை.

இப்போது கணினியை விட்டுவிட்டு ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். தொகை, மொத்தம் என்று இரண்டு பத்தி போடுங்கள். உள்ளீடு 120, 45, 0 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக நீங்களே கணினியாகி ஓட்டுங்கள். தொடக்கத்தில் மொத்தம் 0. முதல் சுற்றில் தொகை 120, மொத்தம் 120. இரண்டாம் சுற்றில் தொகை 45, மொத்தம் 165. மூன்றாம் சுற்றில் தொகை 0. பிரேக் மடக்கை விட்டு வெளியேற்றுகிறது. கூட்டல் வரிக்குப் போகவே இல்லை. அச்சாவது 165.

இந்தப் பயிற்சியைத் தவிர்ப்பவர்கள்தாம் பின்னால் வரிகளை இங்கும் அங்கும் மாற்றி வைத்து, எப்படியாவது ஓடிவிடாதா என்று பார்ப்பவர்கள். தாளில் ஓட்டத் தெரிந்தவருக்கு அந்தத் தவிப்பு இல்லை. தோனியில் சாதாரணமாக இயக்காமல் டீபக் முறையில் தொடங்கினால் இதே வேலையை ஒவ்வொரு படியாகத் திரையில் காட்டும். முதலில் தாளில் செய்து, பிறகு அதில் சரிபாருங்கள்.

அடுத்து இரண்டு வரிகளை இடம் மாற்றி விளைவை முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். 'மொத்தம் = 0' என்பதை மடக்குக்குள், வொயில் வரிக்கு அடுத்ததாகத் தள்ளி வைத்தால் அதே உள்ளீட்டுக்கு விடை 0. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சேர்த்தது அழிகிறது. கடைசிச் சுற்றில் அழித்தவுடனே வெளியேறிவிடுகிறது. பிரிண்ட் வரியை நான்கு இடைவெளி உள்ளே தள்ளினால் 120, 165 என்று இரண்டு முறை அச்சாகும்; முடிவில் தனியாக எதுவும் வராது. ஒரு எழுத்தும் மாறவில்லை, நான்கு இடைவெளி மட்டுமே மாறியது.

பிரேக்கை மறந்தால் நிரல் முடிவில்லாமல் ஓடும். கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு சி அழுத்தினால் நிற்கும். கணினிக்கு ஒன்றும் ஆகாது.

பட்டியல்

மொத்தம் மட்டும் வைத்திருந்தால் தனித்தனிச் செலவு தொலைந்துபோகிறது. எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் வைப்போம். மடக்குக்கு மேலே 'செலவுகள் = []' என்று வெறும் பட்டியலைத் தொடங்குங்கள்; கூட்டல் வரிக்குப் பதில் 'செலவுகள்.அப்பெண்ட்(தொகை)' என்று போடுங்கள். அப்பெண்ட் என்றால் கடைசியில் சேர். 'மொத்தம் = 0' என்ற வரி இனி வேண்டாம்; கடைசியில் பிரிண்டுக்குள் சம்(செலவுகள்) என்று கேட்டால் மொத்தம் வந்துவிடும். சம் என்பது எஸ், யூ, எம். எத்தனை உருப்படி என்பதை லென்(செலவுகள்) சொல்லும்.

பட்டியலில் எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும். முதல் செலவு செலவுகள்[0]. மூன்று உருப்படி இருந்தால் கடைசி செலவுகள்[2]. செலவுகள்[3] கேட்டால் 'இண்டெக்ஸ்எரர்'. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பத்து முறை தவறினால் தானே பதிந்துவிடும்.

செயற்கூறு

சராசரியைக் கணக்கிடும் வேலையைத் தனியே பிரித்து அதற்கொரு பெயர் கொடுக்கலாம். ஃபங்ஷன் என்று சொல்லப்படும் செயற்கூறு இதுதான்.

    டெஃப் சராசரி(பட்டியல்):
        இஃப் லென்(பட்டியல்) == 0:
            ரிட்டர்ன் 0
        ரிட்டர்ன் சம்(பட்டியல்) / லென்(பட்டியல்)

இதைக் கோப்பின் மேற்பகுதியில் வையுங்கள். கீழே 'பிரிண்ட்("சராசரி", சராசரி(செலவுகள்))' என்று அழைக்க வேண்டும். அழைக்காதவரை உள்ளே இருப்பது ஓடாது. முதல் இரண்டு வரி எதற்கு என்றால், ஒருவர் எடுத்த எடுப்பில் 0 தட்டிவிட்டால் பட்டியல் வெறுமையாக இருக்கும். 0-ஆல் வகுக்கப் போய் நிரல் விழுந்துவிடும்.

ரிட்டர்ன், பிரிண்ட் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. பிரிண்ட் திரையில் காட்டுவதோடு சரி. ரிட்டர்ன் விடையை அழைத்த இடத்துக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. அதை வைத்து மேலும் கணக்குப் போடலாம். ரிட்டர்ன் எழுத மறந்தால் 'நன்' என்று ஒன்று வந்து நிற்கும்; எதுவும் இல்லை என்பதற்குப் பைத்தான் சொல்லும் சொல் அது. விடையில் அதைப் பார்த்தால் உடனே செயற்கூறின் கடைசி வரியைப் பாருங்கள்.

தவறான உள்ளீடு

இதுவரை நல்ல பயனரை நம்பியே எழுதினோம். 'நூறு' என்று ஒருவர் தட்டினால் இன்ட் 'வேல்யூஎரர்' தந்து நிரல் நின்றுவிடும். 1,200 என்று காற்புள்ளி போட்டாலும் அப்படித்தான், 12.5 என்றாலும் அப்படித்தான். ஆகவே மடக்குக்குள் வாங்கும் வரியை இப்படி மாற்றுங்கள்:

        ட்ரை:
            தொகை = இன்ட்(இன்புட்("செலவு (முடிக்க 0): "))
        எக்ஸெப்ட் வேல்யூஎரர்:
            பிரிண்ட்("முழு எண் மட்டும் தட்டுங்கள்")
            கன்டினியூ

வேல்யூஎரர் ஒரே சொல். அதில் வி, ஈ இரண்டும் பெரிய எழுத்து. கன்டினியூ, மீதி வரிகளை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகச் சொல்கிறது. எக்ஸெப்ட் என்று மட்டும் போட்டுப் பிழையின் பெயரை விட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் எழுத்துப்பிழைகளையும் அது விழுங்கிவிடும். எங்கே தவறு என்றே தெரியாமல் போகும்.

பின்னத் தொகை வேண்டும் என்பவர்கள் இன்ட்டுக்குப் பதில் ஃபுளோட் போடலாம். ஆனால் ஷெல்லில் 0.1 + 0.2 என்று தட்டிப் பாருங்கள்: 0.30000000000000004. இருமை எண்முறையில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாததால் வரும் நுண்ணிய எச்சம் அது. பணக்கணக்கில் இதைத் தவிர்க்க, தொகையை மிகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாகவே வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுப்பது நல்ல பழக்கம்.

கோப்பில் சேமிப்பது

நிரல் முடிந்ததும் பட்டியல் மறைந்துவிடும். கோப்பில் எழுதினால்தான் நாளைக்கும் இருக்கும்.

    வித் ஓப்பன்("செலவு.டிஎக்ஸ்டி", "ஏ", என்கோடிங்="யூடிஎஃப்-8") ஆஸ் கோப்பு:
        ஃபார் தொகை இன் செலவுகள்:
            பிரிண்ட்(தொகை, ஃபைல்=கோப்பு)

ஃபார் வரி, பட்டியலின் உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறது. மேற்கோளுக்குள் இருந்தாலும் டிஎக்ஸ்டி, ஏ, யூடிஎஃப்-8 மூன்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். 'ஏ' என்ற எழுத்து, இருப்பதற்குக் கீழே சேர் என்பதற்கு. அதன் இடத்தில் டபிள்யூ போட்டால் கோப்பைத் திறந்த கணமே பழையது முழுதும் அழிந்துவிடும், கேள்வியும் கேட்காது. பல நாள் கணக்கை இப்படி இழக்காமலிருக்க, சோதிக்கும்போது வேறொரு கோப்புப் பெயரில் சோதியுங்கள்.

என்கோடிங் பகுதியை விடக்கூடாது. விண்டோஸில் பைத்தானின் பல பதிப்புகள், அது இல்லாவிட்டால் அந்தக் கணினியின் பழைய எழுத்துமுறையைப் பிடித்துக்கொள்ளும். எண்களுக்கு ஒன்றும் ஆகாது. நாளை செலவின் பெயரைத் தமிழில் எழுதத் தொடங்கியதும் 'யூனிகோட்என்கோட்எரர்' வரும்.

திரும்பப் படிக்க, 'ஏ' இடத்தில் ஆர் போட்டுத் திறந்து, 'ஃபார் வரி இன் கோப்பு' என்று ஒவ்வொரு வரியாக எடுத்து இன்ட்(வரி) ஆக்கிக் கூட்டிக்கொள்ளுங்கள். கோப்பில் எங்காவது வெற்று வரி இருந்தால் வேல்யூஎரர் வரும்; அதற்கு என்ன செய்வது என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

எவ்வளவு நேரம், எப்படி

தினமும் 45 நிமிடம், வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்தால் இதுவரை சொன்னது மூன்று முதல் ஐந்து வாரத்தில் கைக்கு வரும். வாரம் ஒருநாள் ஐந்து மணி நேரம் உட்காருவதில் அந்தப் பலன் இல்லை. இடையில் ஆறு நாள் மறதி. வீடியோ பார்க்கும் நேரத்தைவிடத் தட்டும் நேரம் இரு மடங்காக இருக்கட்டும். பார்க்கும்போது எல்லாம் புரிவதுபோல இருக்கும். வெற்று எடிட்டரைத் திறந்ததும் கை நகராது. அப்படி ஆனால், அன்று பார்த்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள். சிக்கும் இடம்தான் உண்மையில் கற்க வேண்டிய இடம்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிழைச் செய்தியின் பொருளைக் கேளுங்கள், நீங்கள் எழுதிய வரி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேளுங்கள். அதற்கு அவை நன்றாக உதவும். முழு நிரலையும் எழுதித் தரச் சொல்லாதீர்கள், குறைந்தது முதல் மூன்று மாதம். தாளில் ஓட்டும் பழக்கம் வருமுன் பிறர் எழுதியதைச் சரியா தவறா என்று உங்களால் சொல்ல முடியாது.

சிக்கிக்கொண்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இயக்குங்கள், பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று தெரியாது. சந்தேகமுள்ள வரிக்கு முன்னும் பின்னும் பிரிண்ட் போட்டு மதிப்பைக் காட்டச் சொல்வது அனுபவசாலிகளும் தினமும் செய்வது. ஓடும் நிலையில் இருக்கும் கோப்பை, அடுத்த மாற்றத்துக்கு முன் வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள். இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய கிட் என்ற கருவி இருக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. நிரல் நூறு வரியைத் தாண்டும்போது அதைக் கற்றால் போதும், இப்போது அவசரமில்லை.

இனி செலவுக் கணக்கை நீங்களே வளர்க்க வேண்டியதுதான். மிகப் பெரிய செலவைக் காட்டச் செய்யுங்கள். அதற்கு மேக்ஸ் இருக்கிறது, ஆனால் முதலில் மடக்கும் இஃபும் மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள். எதிர்மறை எண் தட்டினால் மறுக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு பெயரும் கேட்டு, பெயர் வாரியாகக் கூட்டுங்கள். இதற்கு டிக்ஷனரி என்ற வகையைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கும். கடைசியாக, தேதியையும் சேர்த்துச் சேமித்து, கேட்கும் மாதத்துக்கு மட்டும் மொத்தம் சொல்லும்படி செய்யுங்கள். டேட்டைம் என்ற தொகுப்பு பைத்தானோடே வருகிறது; தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.